கங்காணியும் குடியேற்ற ஆலோசகரும்

கடல் கடந்து குடியேற விரும்புவோர், விண்ணப்பம் அனுப்புமுன் ஆலோசகர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து வழி கேட்கலாமா என்னும் வினா இன்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பல வீடுகளில் எழுகின்றது. பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ அனுப்ப எண்ணும் பெற்றோர், காசு கேளாத ஆலோசனை கிடைத்தால் ஆதாயம் என்று மகிழ்கின்றனர். நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றை அறிந்தவர் அவ்வளவு எளிதில் மகிழமாட்டார்.

கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் மேற்பார்வையாளரைக் குறித்த அச்சொல், மலாயாவில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குபவரைக் குறிக்கலாயிற்று. தோட்டத்தில் உழைத்த ஒருவரையே துரை தெரிந்தெடுத்து, உரிமச் சீட்டுக் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பினார். ஊராருக்கு அவர் அயலார் அல்லர். மாமன் முறை, சித்தப்பன் முறை. அவர் சொல்லைக் கேட்க எவரும் காசு கொடுக்கவில்லை. ஆயினும் அவருக்குக் காசு வராமலில்லை. சேர்த்த ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டம் தரகு கொடுத்தது. அவ்வாள் வேலைக்கு இறங்கிய நாள்தோறும் தலைக்கு ஒரு சிறு தொகை கிடைப்பதும் உண்டு. அப்படியிருக்க, 'அங்கே மலைக்காய்ச்சல் மிகுதி, நீ வரவேண்டா' என்று அவர் யாரிடம் சொல்லியிருப்பார்? கங்காணிகள் எல்லாரும் கொடியவர் என்று நான் கூறவில்லை. அவர்களுடைய சொல்லுக்கு விலை கொடுத்தவர் துரை என்பதே செய்தி.

1907இல் மலாயாவில் இந்தியர் குடியேற்றக் குழு அமைந்தது. முதலாளிகளிடம் தண்டிய நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டதால், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் கடனின்றி வந்திறங்க வழி பிறந்தது. ஆனால் தரகு நிற்கவில்லை. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வையே இந்திய அரசு தடுத்தது.

இன்று வெளிநாட்டுக் கல்லூரிகளில் மாணவரைச் சேர்த்துவிடும் முகவர் பலர் பெற்றோரிடம் ஒரு வெள்ளியும் வாங்குவதில்லை. கல்லூரியே அவர்களுக்குத் தரகு கொடுக்கின்றது. அதில் குற்றமில்லை. ஆனால் தரகு கொடாத கல்லூரியின் பெயர் அவர் வாயில் வருமா என்பதைப் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும்.

நாமே கட்டணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசகர் நமக்குக் கடமைப்பட்டவர். எனினும் பணம் கொடுத்ததனாலேயே ஒருவர் தகுதியுடையவர் ஆகிவிடார். கனடாவின் குடியேற்றத்துக்குக் கூலி பெற்று ஆலோசனை கூற, வழக்கறிஞர் முதலியோர் தவிர, 2021 முதல் அதற்கெனச் செயற்படும் ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர்க்கே உரிமையுண்டு. இக்கல்லூரி பாடம் சொல்லும் இடமன்று. ஆலோசகரை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. நியூசிலாந்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், அந்நாட்டுக்கு வெளியே இருந்து ஆலோசனை கூறுபவரும் உரிமம் பெறவேண்டும் என்கின்றது. வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவுக்கு மட்டும் ஆலோசனை கூறுவோர்க்கு விலக்குண்டு. ஆஸ்திரேலியாவோ தன் மண்ணில் தொழில் செய்யும் முகவரையே பதிவு செய்யுமாறு கட்டாயப்படுத்துகின்றது. கோலாலம்பூரில் பலகை மாட்டியிருப்பவர் பதிவு பெறாமலும் இருக்கலாம். அவர்மீது முறையிட்டால் ஆஸ்திரேலியப் பதிவு அலுவலகத்தின் கை அவர்வரை எட்டாது. ஆதலால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தந்த நாட்டின் பதிவேட்டில் பார்த்த பின்னரே பணத்தை எடுப்பது நன்று. பதிவேட்டைப் பார்க்கச் செலவில்லை. 'விசா நிச்சயம்' என்று சொல்பவரிடம் இதையும் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம். விசா வழங்குவது அரசேயன்றி ஆலோசகர் அல்லர்.

இன்னும் ஒன்று. விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையதே. முகவர் எழுதிய பொய்க்காகவும் கனடா ஐந்தாண்டு கதவடைக்கும். தோட்டத்துப் பாட்டன் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார். படித்த பேரனும் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, நிரப்பிய படியைக் கேட்க நாணி நிற்கின்றான்.