உணவின் அளவும் உடலுழைப்பும்

உடலைப் பேணுதல் என்றவுடன் பலரது உள்ளத்தில் எழுவன இரண்டு: ஒன்று பட்டினி, மற்றொன்று மூச்சு முட்டும் பயிற்சி. இரண்டும் சில கிழமைகளுக்கு மிக்க ஊக்கத்துடன் நடைபெறும். பின்னர் ஒருங்கே கைவிடப்படும். இதனை மனவுறுதியின் குறைவென இகழ்வோர் பலர். உடலின் இயல்பை ஆராய்ந்தோர் கண்ட உண்மை வேறாகும்.

1944ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மனச்சான்றின் காரணமாகப் போர்த்தொழிலை மறுத்த இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். முதல் 12 கிழமைகளில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,200 கலோரி உணவு பெற்ற அவர்கள், அடுத்த 24 கிழமைகளில் ஏறக்குறைய 1,570 கலோரியே பெற்றனர். பாண், உருளைக்கிழங்கு, கோவா முதலியனவே உணவு. கிழமைதோறும் 22 மைல் நடத்தலும் விதிக்கப்பட்டிருந்தது.

அவர்களது நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்தது. குறைந்தது நிறை மட்டுமன்று. இதயத் துடிப்புத் தளர்ந்தது. வெயிற் காலத்திலும் குளிர் வாட்டியது. கல்வியிலும் நட்பிலும் இருந்த நாட்டம் அற்றது. சமையல் நூல்களைச் சேகரித்துப் படித்தோரும் உளர்! மீண்டும் உணவு பெருகியபோது சிலர் எவ்வளவு உண்டும் பசியாறாது தவித்தனர். இழந்த தசை மெல்லவே மீண்டது. கொழுப்போ விரைந்து திரும்பியது. உணவு குறையுங்கால் உடல் அதனைப் பஞ்சமெனக் கொண்டு, செலவைச் சுருக்கிப் பசியைப் பெருக்குகின்றது. இந்நிலையில் மனவுறுதியைப் பழித்தல் தகுமோ? அவ்விளைஞர் தொடக்கத்திலேயே பருத்த உடலினர் அல்லர் என்பது மெய்யே. ஆயினும், இன்று மெலிய விரும்புவோர் தாமாக மேற்கொள்ளும் பத்தியங்கள் பல அந்த 1,570 கலோரியினும் குறைந்தவை என்பது கருதத்தக்கது.

வள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் யாதொரு மூலிகையின் பெயரையும் கூறாது, முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் பேசியது வியப்பன்று.

உழைப்பின் பயனை விளக்கியவர் ஜெரி மொறிஸ் என்பார். இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளையும், படியேறி இறங்கிய நடத்துநர்களையும் ஒப்பிட்ட அவரது ஆய்வு 1953இல் வெளிவந்தது. நடத்துநர்களிடையே மாரடைப்புக் குறைவாகவே காணப்பட்டது. பின்னர் அவரும் துணைவரும் சீருடை அளவுகளை ஆராய்ந்து, இளவயதுச் சாரதிகளின் இடுப்பும் பெரிதாயிருந்ததைக் கண்டனர். எனவே வேற்றுமை முழுவதையும் படிகளுக்கே உரியதாக்கல் பொருந்தாது. எனினும், தொழிலோடு கலந்த எளிய அசைவின் நன்மையைப் பிற்கால ஆய்வுகள் பலவும் வலியுறுத்தியுள்ளன.

வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உழைத்தலும், இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தலும் வேண்டுமென 2020இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. மாணவர்க்கோ நாள்தோறும் சராசரி 60 நிமிடம். விளையாட்டுப் போட்டி அணுகும் மாதத்தில் மட்டும் மைதானத்தை நாடுவோர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாலையில் அரைமணி நேர நடை, கிழமையில் ஐந்து நாள் நிகழின், 150 நிமிடம் நிறைந்துவிடும். உணவிலும் சோற்றை அறவே நீக்கவேண்டுவதில்லை. குத்தரிசிச் சோற்றிற் சிறிது குறைத்து, அவ்விடத்தைப் பருப்பும் பயறும் கீரையும் நிரப்பினாற் போதும். அத்தகைய தட்டு மறுநாளும், மறு ஆண்டும் அதே வீட்டில் வைக்கப்படக்கூடியது.