சுரங்கத் தொழிலாளர் சேர்த்த காசு

பிரிட்டனில் ஏழையாக இருப்பதே குற்றம்போல நடத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1834-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், கையேந்தி வந்தவர்களை ‘ஒர்க்ஹவுஸ்’ விடுதிக்குள் தள்ளியது. அங்கே கணவன் ஒரு கட்டடம், மனைவி ஒரு கட்டடம், பிள்ளைகள் வேறு பக்கம். வெளியில் ஆகக் குறைந்த கூலி வாங்குபவனின் பிழைப்பைவிட உள்ளே இருப்பவனின் பிழைப்பு மோசமாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்தார்கள். 1911-இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த காப்பீடு தொழிலாளிக்கு டாக்டரைத் தந்தது. அவன் மனைவி மக்களுக்குத் தரவில்லை.

இதற்கு மாற்று வழியைக் காட்டியது தெற்கு வேல்ஸின் ட்ரெடிகர் என்ற சுரங்க ஊர். அங்கே தொழிலாளர்கள் 1890-இல் மருத்துவ உதவிச் சங்கம் தொடங்கினார்கள். கூலியில் பவுண்டுக்குச் சில பென்னி பிடித்தம். குடும்பம் முழுவதற்கும் வைத்தியம். கண்ணாடியும் பல்செட்டும்கூடக் குறைந்த விலையில் கிடைத்தன. யார் தயவும் இல்லை, அவரவர் காசு. அதனால் தலைகுனியாமல் டாக்டரிடம் போனார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

அந்த ஊர்ப் பிள்ளைதான் அனைரின் பெவன். 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். நிலக்கரித் தூசி நுரையீரலை அரித்து, 1925-இல் அவர் தந்தை மகனின் கைகளிலேயே உயிர்விட்டார். அந்த நோய் அப்போது தொழில்நோய்ப் பட்டியலில் இல்லாததால் இழப்பீடும் கிடைக்கவில்லை.

1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்தபோது, வறுமையையும் நோயையும் அரசே எதிர்கொள்ள வேண்டும் என்ற அந்த அறிக்கையை வாங்க, போரில் களைத்திருந்த மக்கள் கடைகளில் வரிசையில் நின்றார்கள். 1945-இல் தொழிற்கட்சி வென்றது; பெவன் சுகாதார அமைச்சரானார். ட்ரெடிகரில் நடந்ததை நாடு முழுவதும் நடத்திக்காட்டுவதே அவர் நோக்கம். டாக்டர்கள் சங்கம் கடைசிவரை முரண்டு பிடித்தது. சிறப்பு மருத்துவர்கள் தனியாகக் கட்டணம் வாங்கியும் நோயாளிகளைப் பார்க்கலாம் என்று பெவன் இறங்கிவந்துதான் அவர்களில் பலரை இணங்கவைத்தார்.

1948 ஜூலை 5 அன்று, எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் தரும் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. பணமில்லாததால் கருப்பை இறக்கத்தைக்கூட வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் முதன்முறையாக டாக்டர் முன் வந்து உட்கார்ந்தார்கள். காப்பீட்டுச் சட்டம் வெளியில் நிறுத்தியிருந்த அதே மனைவிமார்கள்.

மூன்றே ஆண்டுகளில், ஆயுதச் செலவுக்குப் பணம் தேடிய அரசு பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் போட்டது. அதை எதிர்த்து பெவன் 1951 ஏப்ரலில் அமைச்சர் பதவியைத் துறந்தார்.