ஐகான் காணோமா? கணக்கு காணாமல் போகவில்லை!



சென்ற மாதம் ஒரு கூட்டமைப்பு அலுவலகத்திலிருந்து காலை 9 மணிக்கு எங்களுக்குப் போன் வந்தது. பேசியவர் அங்கே கணக்கு எழுதும் சகோதரி. "மேடம், கம்ப்யூட்டர்ல எல்லாம் போச்சு. கடன் லிஸ்ட், சேமிப்புக் கணக்கு, ஒண்ணுமே இல்ல. ஒரு வீட்டுப் படமும் குப்பைத்தொட்டிப் படமும் மட்டும் நிக்குது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். மறுநாள் வங்கியிலிருந்து வருவதாக இருந்தது. 12 குழுக்கள் கடன் திருப்பிய விவரத்தைப் பார்த்த பிறகுதான் அவர்கள் அடுத்த கடனைப் பற்றிப் பேசுவார்கள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே இரண்டு விஷயங்கள் நடந்திருந்தன. "நேத்து சாயங்காலம் கடைசியா யாரு உக்காந்திருந்தா?" என்று நிர்வாகக் குழுவில் பேச்சு கிளம்பி, எல்லோரும் அந்தச் சகோதரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பியைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் "ஃபார்மட் பண்ணிடலாம்க்கா, ஒரு மணி நேர வேலை" என்று பென் டிரைவோடு தயாராக நின்றார். கரண்ட் இல்லாததால்தான் ஆரம்பிக்கவில்லை. நம்மில் பலர் மின்வாரியத்தைத் திட்டுவோம், அன்றைக்கு நாங்கள் திட்டவில்லை.

ஃபார்மட் செய்வது என்றால் பீரோவைக் காலி செய்து, கழுவித் துடைத்து, புதிதாக அடுக்குவது மாதிரி. ஐகான் தெரியவில்லை என்பதற்காக அதைச் செய்தால், உள்ளே பத்திரமாக இருக்கும் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

அந்த அலுவலகத்தில் இருப்பது பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறோம். நம் கண்ணுக்குத் தெரியும் திரை, மெனு, கீழே இருக்கும் பட்டை இவற்றையெல்லாம் தருவது எக்ஸ்எஃப்சிஈ என்ற டெஸ்க்டாப் மென்பொருள். 1996-ல் ஒலிவியே ஃபூர்தான் என்பவர் இதைத் தொடங்கினார். காசு கட்ட வேண்டாம். எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். மெமரி குறைவான பழைய மெஷினிலும் ஓடும் என்பதால்தான் நாங்கள் இதைப் போட்டோம்.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். திரையில் ஐகான் இருக்கும் இடம் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக 'டெஸ்க்டாப்' என்ற ஃபோல்டருக்குள் இருப்பதைப் பார்க்கிறோம். ஃபைல்கள் இருப்பது ஃபோல்டரில். ஜன்னல் சாத்திக்கொண்டாலும், வேறு அறைப் பக்கம் திரும்பிக்கொண்டாலும், அறைக்குள் இருக்கும் சாமான் அப்படியேதான் இருக்கும்.

அதனால் முதலில் கோளாறு ஜன்னலிலா, அறையிலா என்று பார்க்க வேண்டும். திரையில் பின்னால் இருக்கும் படம் தெரிகிறதா? காலி இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் மெனு வருகிறதா? பின்படமும் போய், வலது பட்டனுக்கும் ஒன்றும் வரவில்லை என்றால், ஜன்னலைத் திறந்து வைக்கும் சின்ன புரோகிராமே ஓடவில்லை என்று அர்த்தம். அதன் பெயர் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப். பின்படம், ஐகான் இரண்டையும் அதுதான் வரைகிறது. ஆல்ட் பட்டனையும் எஃப்2 பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால் படமும் ஐகானும் திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு நாளும் இதே கதை என்றால், கம்ப்யூட்டரை அணைக்கும்போது 'அடுத்த முறைக்காக செஷனைச் சேமி' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் சாத்தியிருந்த நிலையை ஒருநாள் அப்படியே சேமித்திருப்பீர்கள், மறுநாளும் அது அப்படியே திறக்கிறது. எக்ஸ்எஃப்டெஸ்க்டாப்பை ஓட வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை டிக்கோடு சேமித்து, பிறகு டிக்கை எடுத்துவிடுங்கள்.

பின்படம் இருக்கிறது, மெனுவும் வருகிறது, ஆனால் ஒரு ஐகான்கூட இல்லை. இது சுலபமானது. செட்டிங்ஸில் 'டெஸ்க்டாப்' என்பதைத் திறந்து, 'ஐகான்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். ஐகான் வகை என்ற இடத்தில் 'நன்', அதாவது எதுவும் வேண்டாம் என்று இருக்கும். அதை 'ஃபைல் / லாஞ்சர் ஐகான்ஸ்' என்று மாற்றினால் போதும். பிள்ளைகள் வந்து தட்டிப் பார்த்த மறுநாள் இது அதிகம் நடக்கிறது!

எல்லா ஐகானும் வெள்ளைத் தாள் மாதிரி ஒரே படமாகத் தெரிந்தால் அது படத் தொகுப்பின் கோளாறு. செட்டிங்ஸில் 'அப்பியரன்ஸ்' உள்ளே 'ஐகான்ஸ்' பக்கத்தில் வேறு தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது.

நமது சகோதரியின் கம்ப்யூட்டரில் இது எதுவுமே இல்லை. பின்படம் இருந்தது. வீடு, குப்பைத்தொட்டி ஐகான்களும் இருந்தன. நாம் வைத்த ஃபைல்கள் மட்டும் இல்லை. அப்படியென்றால் ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, வேறு அறையைப் பார்க்கிறது. "நேற்று ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னார். "எல்லாரும் படிக்கட்டும்னு மொழியைத் தமிழுக்கு மாத்தினேன் மேடம். மறுபடி உள்ள போனப்ப என்னமோ கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன்."

அது கேட்டது இதுதான். ஃபோல்டர்களின் பெயரையும் புது மொழிக்கு மாற்றட்டுமா, பழைய பெயரே இருக்கட்டுமா? மாற்று என்று அமுக்கினால், தமிழ்ப் பெயரில் புதிதாக ஒரு டெஸ்க்டாப் ஃபோல்டர் உருவாகி, ஜன்னல் அந்தப் பக்கம் திரும்பிவிடும். பழைய ஃபோல்டரில் இருப்பது தானாக இடம் மாறாது. இதை அந்தக் கேள்வியின் அடியிலேயே எழுதியிருப்பார்கள். அந்த வரியை யார் படிக்கிறார்கள்? நாங்களும் முன்பு படித்ததில்லை.

கரண்ட் வந்ததும் அந்தச் சகோதரியையே உட்காரச் சொன்னோம். வீட்டுப் படத்தைத் திறந்தார். உள்ளே இரண்டு டெஸ்க்டாப் ஃபோல்டர்கள். தமிழ்ப் பெயரில் ஒன்று, காலி. ஆங்கிலப் பெயரில் ஒன்று. அதைத் திறந்ததும் "ஐயோ, இங்கதான் இருக்கு!" என்றார். 39 ஃபைல்கள், ஒன்றும் குறையவில்லை. கண்ட்ரோல் பட்டனோடு ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி எடுத்து, தமிழ் ஃபோல்டரில் பேஸ்ட் செய்தார். கட் செய்ய வேண்டாம் என்று சொன்னோம். நடுவில் கரண்ட் போனாலும் பழையது பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் அல்லவா? பிறகு பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்தார். மொழி தமிழிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். காலையில் சந்தேகப்பட்டவர்களில் ஒரு அக்கா டீ வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தார். மறுநாள் வங்கிக்காரர்கள் கேட்ட விவரம் அச்செடுத்துத் தயாராக இருந்தது.

இடையில் ஒரு விஷயம். 2011-ல் தொடங்கிய அரசின் மாணவர் லேப்டாப் திட்டத்தில், உங்களில் சிலர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் லேப்டாப் கிடைத்திருக்கும். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். லினக்ஸில் க்னோம் என்று இன்னொரு டெஸ்க்டாப்பும் உண்டு. அதில் 2011-ல் வந்த 3-ஆம் பதிப்பிலிருந்து திரையில் ஐகான் வைக்கும் வழக்கமே இல்லை. 2018-ல் வந்த 3.28 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். எனவே க்னோம் உள்ள மெஷினில் திரை காலியாக இருந்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம், அதன் அமைப்பே அப்படி. மெனுவில் 'ஃபைல்ஸ்' திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்குப் போன் செய்யும்போது "எல்லாம் போச்சு" என்று மட்டும் சொல்லாமல், பின்படம் தெரிகிறதா, வலது பட்டனுக்கு மெனு வருகிறதா, வீடு, குப்பைத்தொட்டி படங்கள் இருக்கின்றனவா, முந்தின நாள் என்ன மாற்றினீர்கள் என்று இந்த நான்கையும் பார்த்துச் சொல்லுங்கள். போனிலேயே முடித்துவிடலாம். நாங்கள் வந்து சேரும்வரை யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.