தோளில் ஏறிய பாவம்

2004-இல் தாய்லாந்தில் வெளிவந்த 'ஷட்டர்' என்னும் பேய்ப்படம், 2007-இல் 'சிவி' எனத் தமிழில் மறுவடிவம் பெற்றது. மூலப்படத்தின் நிறைகுறைகளைக் கூறுகிறேன்.

புகைப்படங்களில் விளங்காத நிழல் விழுகிறது. எடுத்தவனுக்கோ ஓயாத கழுத்துவலி. அவனால் வஞ்சிக்கப்பட்டு மாண்ட பெண் அவன் தோளிலேயே அமர்ந்திருக்கிறாள். செய்த பாவமே சுமையாவதுதான் இப்படத்தின் வலிமை. திடுமென எழும் பேரொலியும், ஜப்பானியப் படங்கள் பழக்கிவிட்ட விரிகூந்தல் உருவமும் குறைகள்.

கடலூர், சிதம்பரம் நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிதம்பர இரகசியத்தில் திரை விலகினால் தெரிவது உருவமன்று. பொன் வில்வமாலை தொங்கும் வெளியே. காணாததே மனத்தை ஆள்கிறது. பேயின் முகம் தெரிந்ததும் என் அச்சம் தணிந்தது. மருத்துவமனையில் எடைக்கருவி அவன் எடையை மிகுத்துக் காட்டியபோதோ நடுங்கினேன். உயிரோடிருந்தபோது அப்பெண்ணின் துயரை எவரும் கேட்கவில்லையே என்பதுதான் இன்னும் நெஞ்சை உறுத்துகிறது.