கால் வீக்கமும் கண்மாய்க் கரையும்

உங்கள் தெருவில் ஒரு பாட்டி வழுக்கி விழுகிறார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிடுகிறது. மருத்துவர்கள் உடைந்த எலும்புத் தலையை அகற்றிவிட்டுச் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்துகிறார்கள். அறுவை நன்றாக முடிந்து சில நாட்களில் பாட்டி வீடு திரும்புகிறார். அதன் பிறகுதான் இரண்டு குறைகள் தலைகாட்டுகின்றன. "பொழுது சாயச் சாயக் கால் வீங்கிக்கொண்டே போகிறதே!" என்பது ஒன்று. "இராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லையே!" என்பது மற்றொன்று.

அறுவை கெட்டுவிட்டதோ என்று வீட்டார் கலங்குகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒன்றும் நேர்ந்திருக்காது. அந்த வீக்கத்தின் காரணத்தில் பாதி, நீங்கள் படிக்கும் 'நீர்மங்களின் அழுத்தம்' என்ற பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் சிலருக்கு அதே வீக்கம் உயிருக்கு ஆபத்தான ஒன்றின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும். எது சாதாரணம், எது ஆபத்து என்று பிரித்தறியத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் பாட்டிக்கு அது பெரும் துணை. அந்த ஒருவர் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

பந்தும் கிண்ணமும்

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் ஒரு பந்து. இன்றைய செயற்கை மூட்டுக்கு வழி வகுத்தவர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர். ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962 நவம்பரில் அவர் ஓர் உலோகப் பந்தையும் உயர் அடர்த்தி பாலிஎதிலீன் கிண்ணத்தையும் இணைத்துப் பொருத்தினார். அந்தப் பந்தின் விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ. மட்டுமே. ஏன் அவ்வளவு சிறியது? உராய்வு விசையை ஆரத்தால் பெருக்கினால் கிண்ணத்தைத் திருகும் திருப்புவிசை கிடைக்கும். ஆரம் குறைந்தால் திருகலும் குறையும், கிண்ணம் எளிதில் ஆட்டம் காணாது. இப்போது வேறு பொருள்களும் பெரிய பந்துகளும் பயன்படுகின்றன.

மூட்டு புதியதுதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள தசையும் தோலும் பழையவை. அவை வெட்டப்பட்டுத் தைக்கப்பட்டவை. காயம் ஆறும்போது அங்குள்ள தந்துகிகளின் சுவர் சற்றுத் தளர்ந்து, நீரை அதிகமாகக் கசியவிடும். வீக்கத்தின் முதற் காரணம் இது. ஆனால் வெட்டுப்பட்டது இடுப்பில். வீங்குவதோ பாதமும் கணுக்காலும்! இது எப்படி?

கையே ஓர் அழுத்தமானி

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு கையை அரை நிமிடம் தொங்கவிடுங்கள். புறங்கையில் சிரைகள் புடைத்து நிற்கும். இப்போது கையை மெல்ல உயர்த்துங்கள். இதய மட்டத்தைத் தாண்டியதும் புடைப்பு அடங்கிவிடும். இதயத்துக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு உயர இரத்தத் தம்பத்தை அந்தச் சிரை தாங்கியாக வேண்டும்.

கண்மாய்கள் நிறைந்த எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் இதை விளக்குவது எளிது. இராமநாதபுரம் பெரிய கண்மாயோ, ஆர்.எஸ். மங்கலம் கண்மாயோ நிரம்பி நிற்கும்போது கரையின் எந்த இடத்தில் கசிவு தோன்றும்? மேலே அன்று, அடியில்தான். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். கரையின் அடியை அகலமாகக் கட்டுவதும் அதனால்தான். நிற்கும் மனிதனுக்குக் கணுக்கால்தான் கரையின் அடி.

கணக்கிட்டுப் பார்ப்போம். நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால் வரை உயரம் 1.2 மீட்டர் என்று கொள்வோம். இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1060 கிலோகிராம். உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 12,470 பாஸ்கல் வரும். பாதரச அளவில் இது 94 மி.மீ. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் உயரம் 75 செ.மீ., அழுத்தம் 58 மி.மீ. காலை முன்னால் ஒரு முக்காலி மேல் நீட்டினால் உயரம் 35 செ.மீ., அழுத்தம் 27 மி.மீ. முக்காலி நல்லதுதான், ஆனால் வேலை பாதிதான் முடிகிறது என்பது இப்போது தெரிகிறதல்லவா?

இந்த அழுத்தம் நீரை வெளியே தள்ள, அதை உள்ளே இழுத்துப் பிடிப்பவை இரத்தத்திலுள்ள அல்புமின் போன்ற புரதங்கள். அவற்றின் இழுவிசை ஏறக்குறைய 25 மி.மீ. அளவே. இந்த இழுபறியை 1896-இல் எடுத்துக்காட்டியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். மிஞ்சிக் கசியும் நீரை நிணநீர்க் குழாய்கள் வாய்க்கால் போல வடித்து மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. வடிகாலின் திறனைக் கசிவு மிஞ்சும்போது வீக்கம் தோன்றுகிறது.

அப்படியானால் நாள் முழுவதும் நிற்கும் கடைக்காரருக்கும் ஆசிரியருக்கும் கால் யானைக்கால் போல ஆக வேண்டுமே! ஆகாததற்குக் காரணம் கெண்டைக்கால் தசை. அது ஓர் இறைவை இயந்திரம். நடக்கும்போது சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. சிரைகளிலுள்ள வால்வுகள் அது கீழே திரும்பாமல் தடுக்கின்றன. நடப்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 30 மி.மீ. அளவுக்கும் கீழே இறங்கிவிடும். அறுவைக்குப் பின் பாட்டி நடப்பது குறைவு. இறைவை நின்றுபோகிறது, வீக்கம் ஏறுகிறது.

செய்யத் தக்கவை

முதலாவது, காலை இதயத்துக்கு மேலே உயர்த்துவது. மல்லாந்து படுத்தால் இதயம் மெத்தைக்கு மேல் ஏறக்குறைய 10 செ.மீ. உயரத்தில் இருக்கும். குதிகால் 20 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு கெண்டைக்கால் நெடுகிலும் தலையணைகளை அடுக்கினால் இரத்தம் சரிவில் தானே இறங்கி வரும். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையைச் செருகக் கூடாது. மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்.

இரண்டாவது, இறைவையை ஓட்டுவது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து தடவை பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதித்த அளவு, சிறிது சிறிதாகப் பல முறை நடப்பது நல்லது. மதுரையில் அறுவை செய்துகொண்டு ஏறக்குறைய 170 கிலோமீட்டர் கடந்து இராமேசுவரம் திரும்புபவர் வழியில் வண்டியை நிறுத்தி நான்கடி நடக்க வேண்டும்.

மூன்றாவது, உணவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலுள்ள உப்பு உடலில் நீரைத் தேக்கும், அவற்றைக் குறைக்கலாம். மீன், முட்டை, பருப்பு ஆகியவை புரதம் தரும். வீக்கத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது தவறு. உடலில் நீர் வற்றினால் இரத்தம் கெட்டிப்படும். இதயம், சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்ற வேண்டும்.

இரவும் தூக்கமும்

தூக்கம் கெடுவதற்கும் இந்த வீக்கத்துக்கும் ஓர் உறவு உண்டு. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. பாட்டி இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இருட்டில் தடுமாறி விழும் அபாயம் உண்டு. எனவே பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். அந்த நீர் பொழுது சாயுமுன்பே வெளியேறும், இரவு சற்று அமைதியாகும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் குறட்டைவிட்டுத் தூங்கும் நேரமாகிவிட வேண்டாம்.

படுக்கும் விதத்திலும் இயந்திரவியல் இருக்கிறது. தொடை நீண்டதொரு நெம்புகோல். அது உட்பக்கமாகக் குறுக்கே சாய்ந்தால், ஆறாத தசைகளின் பிடியிலிருந்து பந்தைக் கிண்ணத்தை விட்டு நெம்பிவிடக்கூடும். அதனால்தான் கால்களுக்கு நடுவே தலையணை வைத்து மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்க அனுமதித்த பிறகும், தொடையிலிருந்து கணுக்கால் வரை தடித்த தலையணை நடுவே இருப்பது நல்லது. தரையில் பாய் விரித்துப் படுப்பதும், சம்மணமிடுவதும், குந்துவதும் இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கும். போதிய உயரமுள்ள கட்டிலே ஏற்றது. அறுவை செய்த முறையைப் பொறுத்து இவ்விதிகள் மாறும்; உங்கள் மருத்துவர் சொல்வதே இறுதி.

வலி மாத்திரையை எந்த நேரத்தில் கொடுத்தால் இரவுக்கு உதவும் என்று மருத்துவரைக் கேளுங்கள். மாலைக் காப்பியை நிறுத்துங்கள். கழிப்பறை வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். ஊன்று சட்டம் கட்டிலருகே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள்

அசையாத காலில், ஆழத்திலுள்ள சிரைக்குள் இரத்தம் உறைந்துபோகக்கூடும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு, திடீரென ஏறும் வீக்கம், இரவு முழுவதும் உயர்த்தி வைத்தும் வடியாத வீக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் காலை எண்ணெய் தேய்த்து உருவிவிடவே கூடாது, கட்டி நகர்ந்துவிடக்கூடும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தைக் கால் நன்றாயிருக்கிறது என்று நாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலும் காயத்தில் கசிவும் தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம்.

இயற்பியல் காலுக்கு உதவுவது எங்கள் கடற்கரைக்குப் புதிதன்று. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் இயற்பியல் பட்டதாரி. 1989-இல் முதன்முதலாகப் பறந்த அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, போலியோ தாக்கிய குழந்தைகளுக்குக் கால் தாங்கிகள் செய்ய அவர் வழிகாட்டினார். ஏறக்குறைய 3 கிலோ எடையைச் சுமந்து நடந்த பிள்ளைகளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே சுமையாயிற்று.

உங்களுக்கு ஏவுகணை வேண்டாம். தையற்காரர் நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். இரண்டு கெண்டைக்கால்களிலும் ஒரே உயரத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். காலையில் எழுமுன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சுற்றளவை அளந்து வரைபடம் வரையுங்கள். மாலையில் ஏறி, காலையில் இறங்கினால் அது பெரும்பாலும் புவியீர்ப்பின் வேலை. வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் நீடித்து மெல்லக் குறையும். இரு கால்களுக்கும் இடையே 3 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருப்பது, உறைகட்டியை ஐயுற மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களுள் ஒன்று. கோடு இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியுடன் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். "வீங்கினாற்போல் இருக்கிறது" என்ற சொல்லைவிட உங்கள் அளவுகள் மருத்துவருக்கு அதிகம் உதவும்.