பூனைக்காலியும் விழிப்பு மாத்திரையும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே, மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்குப் பூனைக்காலிக் கொடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதன் காய் மேனியில் பட்டவர் அன்று சொறிவதைத் தவிர வேறு வேலை பார்த்திருக்க மாட்டார். மலைவாழ் பளியர்கள் அவ்விதையை உண்பதுண்டு. ஆனால் பன்முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை இறுத்த பின்னரே உண்பர். அந்நீரோடு கழிவனவற்றுள் எல்-டோப்பா என்பதும் ஒன்று. 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழக ஆராய்ச்சிக் கூடத்தில் தாமோதரன், ராமஸ்வாமி என்னும் இருவர் அப்பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர்.

மூளைக்கும் அதற்கும் உள்ள உறவு விளங்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரில் உள்ள ரிசர்பைன் என்னும் மருந்தை முயலுக்குச் செலுத்தினால் அது அசைவற்றுக் கிடக்கும். 1957-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் அவ்வாறு கிடந்த முயல்களுக்கு டோப்பாவைக் கொடுத்தார்; அவை எழுந்து நடமாடின. டோப்பா மூளையினுள் டோபமைன் என்னும் பொருளாக மாறுகிறது. அசைவுக்கும் ஊக்கத்துக்கும் அப்பொருளே தூது செல்கிறது. இவ்வாராய்ச்சிக்காக 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளும், பண்டிகை ஆர்டருக்காகக் கண்விழித்துத் தறி ஓட்டுகிறவர்களும், தூக்கத்தை விரட்டும் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். அப்பேச்சு புதிதன்று. உலக யுத்த காலத்தில் ஜப்பானில் ஹிரோப்பான் என்ற பெயரில் மெத்தாம்பெட்டமைன் மாத்திரை விற்றது. படைவீரரும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவரும் அதை விழுங்கினர். யுத்தம் முடிந்தும் பழக்கம் முடியவில்லை. 1951-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதனைக் கட்டுப்படுத்துகிறது.

அம்மாத்திரை செய்வதென்ன? சங்கத்து நூல் கிடங்கை நினைத்துக் கொள்ளுங்கள். நெசவாளிக்கு வேண்டிய நூலைக் கணக்கெழுதிக் கொடுக்கிறோம். மிஞ்சியதைத் திரும்பப் பெற்றுக் கிடங்கில் வைக்கிறோம். நரம்பணுவும் டோபமைனை அவ்வாறே அளந்து வெளியிட்டு, மிஞ்சியதைத் தன் வாசல் வழியே திரும்ப எடுத்துக்கொள்ளும். கொக்கேய்ன் அவ்வாசலை அடைத்து விடுகிறது. ஆம்பெட்டமைன் வகையோ உள்ளே புகுந்து, கிடங்கிலுள்ள சரக்கையெல்லாம் வெளியே தள்ளுகிறது. எலிகளிடம் அளந்தபோது, நல்ல உணவு டோபமைனைச் சுமார் ஒன்றரை மடங்காக உயர்த்தியது. ஆம்பெட்டமைன் சுமார் பத்து மடங்கு வரை உயர்த்தியது. பால்கோவா தரும் இன்பத்துக்கு எல்லை உண்டு. இதற்கு அவ்வெல்லை இல்லை.

ஆகவே மாத்திரை புதிய பலம் எதையும் தரவில்லை. இருப்பை முன்கூட்டியே செலவழிக்கிறது. வாங்கும் பக்கத்து அணுக்களும் சும்மா இருப்பதில்லை. வீட்டில் நூல் மலைபோல் குவிந்தால் நெசவாளி மேலும் வாங்க மறுப்பதுபோல, அவை தம் ஏற்பிகளைக் குறைத்துக் கொள்கின்றன. பிறகு சோறு ருசிப்பதில்லை. பிள்ளையின் சிரிப்பும் மனத்தைத் தொடுவதில்லை. நாள் செல்லச் செல்ல மெத்தாம்பெட்டமைன் அந்நரம்பு நுனிகளையே சேதப்படுத்தக் கூடும். காரணமற்ற சந்தேகமும், இல்லாத குரல் கேட்பதும் சிலரிடம் தோன்றுகின்றன.

வாயில் புகையிலை அடக்கித் தறியில் அமர்வோர் நம்மில் பலர். நிக்கோட்டினும் டோபமைனையே தூண்டுகிறது, இவ்வளவு வேகமாக அல்ல என்றாலும். எனவே பிள்ளைகளை அதட்டுமுன் சிறிது யோசிப்பது நல்லது.

பழக்கத்தை விட்டவன் முதற்சில நாட்கள் ஓயாமல் உறங்குவான். பின்னர் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், எதிலும் பற்றின்றி இருப்பான். வீட்டார் இதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளும் காலம் இதுவே. அவன் மீண்டும் மாத்திரையைத் தேடிச் செல்லும் காலமும் இதுவே. உண்மையில் அது காலியான கிடங்கு மெல்ல நிரம்பும் காலம். 2001-இல் அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழுவினர் மெத்தாம்பெட்டமைனை விட்டுச் சுமார் ஓராண்டுக்கு மேலான சிலரின் மூளையைப் படமெடுத்தனர். டோபமைனைத் திரும்ப எடுக்கும் வாசல்கள் பெருமளவு மீண்டிருந்தன. நினைவாற்றலும் கைவேகமும் அதே அளவு மீளவில்லை.

இப்பழக்கத்தை உடனே மாற்றும் மருந்து இன்றளவும் இல்லை. தொடர்ந்த ஆலோசனையும், விலகியிருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு பரிசளித்து ஊக்குவிக்கும் முறையுமே நல்ல பலன் தருகின்றன. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். டோப்பா இருக்கிறதே என்று பூனைக்காலி விதையைப் பொடித்துக் கொடுக்க எவரும் முற்பட வேண்டாம். அளவறியாது உண்டால் வாந்தியும் மனக்குழப்பமும் உண்டாகும்.