மின்சாரத்துக்கும் ஒரு சந்தை! ஆரியசாலை மாவு மில்லுக்கு அதில் இடம் உண்டா?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களுக்கு ஆரியசாலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நவராத்திரிக்கு எழுந்தருளும் வேளிமலை முருகன் தங்குவது இங்குள்ள தேவி கோவிலில்தான். பக்கத்திலேயே சாலைக் கடைவீதி. சுமை தூக்குபவர் முதல் கணக்கு எழுதுபவர் வரை தமிழர்கள் பலர் பிழைக்கும் இடம்.

இங்கே எந்தச் சரக்கையும் நாலு கடை விசாரித்து, விலை படிந்த இடத்தில் வாங்கலாம். ஒரு சரக்குக்கு மட்டும் அது நடக்காது. அதுதான் மின்சாரம்! கேரள மின்சார வாரியம் கொடுப்பதை, நிர்ணயித்த கட்டணத்துக்கு வாங்கியாக வேண்டும்.

ஆனால் பெரிய தொழிற்சாலைகளுக்கு நிலைமை வேறு. 2003ம் ஆண்டு மின்சாரச் சட்டம் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து விட்டது. 1 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தேவைப்படுகிறவர்கள் வாரியத்தை மட்டும் நம்பியிராமல், வெளியாரிடமும் விலை பேசி வாங்கலாம். ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்று இதற்குப் பெயர்.

தண்டவாளமும் சரக்கும்

ரயிலை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தண்டவாளம் ரயில்வேக்குச் சொந்தம். அதில் போகும் சரக்கு யாருடையதாகவும் இருக்கலாம். கூலி கட்டினால் போதும். அதுபோல மின்கம்பி வாரியத்துடையது. அதில் வரும் மின்சாரம் வேறொருவருடையதாக இருக்கலாம்.

இந்தச் சரக்கை விற்க 2008ம் ஆண்டு இரண்டு மின்சாரச் சந்தைகள் தோன்றின. நாளைக்கு வேண்டியதை இன்று காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள் கேட்க வேண்டும். ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 பங்கு வைத்து, எந்தத் துண்டுக்கு எவ்வளவு வேண்டும், என்ன விலை கொடுக்க முடியும் என்று தொழிற்சாலை எழுதிக் கொடுக்கும். விற்பவர்களும் அப்படியே. இரு தரப்பும் ஒத்துப் போகும் இடத்தில் விலை நிற்கும்.

கத்தரிக்காய் மிஞ்சினால் மறுநாள் விற்கலாம். மின்சாரத்தை அப்படிக் குவித்து வைக்க முடியாது. எனவே விலை மணிக்கு மணி ஏறி இறங்கும். 2022ம் ஆண்டு கோடையில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது, யூனிட் 12 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று மத்திய ஆணையம் கடிவாளம் போட நேர்ந்தது. மறு ஆண்டு அது 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

கோவை கற்ற பாடம்

இந்தச் சந்தையின் அருமையையும் கொடுமையையும் நேரில் கண்டவர்கள் தமிழ்நாட்டு மில்காரர்கள். 2008ம் ஆண்டு நவம்பரில் அங்கு பெரிய ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு அமலுக்கு வந்தது. நூற்பாலைகள் ஷிப்டை நிறுத்தாமல் இருக்கச் சந்தை மின்சாரத்தை நாடின.

அங்கும் ஒரு முட்டுக்கட்டை. வடக்கே மின்சாரம் மலிவாகக் கிடைத்தாலும், தெற்கே கொண்டு வரப் போதிய கம்பி இல்லை. எனவே தென்னிந்தியாவுக்கு மட்டும் விலை தனியாக உயர்ந்தது. 2013ம் ஆண்டு டிசம்பர் 31ந் தேதி ராய்ச்சூர்-ஷோலாப்பூர் கம்பித் தடம் இணைந்த பிறகே நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பு ஆனது.

அந்த ஆண்டுகளில் பெரிய மில்லுக்குச் சந்தை இருந்தது. சின்ன ‘லேத்’ பட்டறைக்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. கரண்ட் வரும் வரை கைகட்டிக் காத்திருந்தார்கள். பட்டறை ஓடாத நேரத்துக்குக் கூலி ஏது?

268 மில் சேர வேண்டும்!

ஆரியசாலைக்கு வருவோம். 5 குதிரைசக்தி மோட்டார் வைத்த மாவு மில் ஒன்று இழுப்பது சுமார் 3.7 கிலோவாட். 1 மெகாவாட் ஆக வேண்டுமென்றால், அப்படி 268 மில்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்!

சூரியசக்தி, காற்றாலை போன்ற பசுமை மின்சாரத்துக்கு 2022ம் ஆண்டு மத்திய விதிகள் இந்த அளவை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. அதற்கும் 27 மில்கள் வேண்டும். ஆக, கதவு கொஞ்சம் அகன்றிருக்கிறது. சின்னவர் நுழையும் அளவுக்கு அல்ல.

பெரியவர் போனால் என்ன?

“பெரிய ஆலை எங்கே வாங்கினால் நமக்கென்ன?” என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது.

குறைவாகச் செலவழிக்கும் வீடுகளுக்கு மின்சாரம் அடக்க விலைக்கும் கீழே தரப்படுகிறது. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை ஈடுகட்டுவது தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் கூடுதலாகக் கட்டும் பணம். ஆலைகள் வெளியே போனால் அந்தப் பணமும் போகும். மின்நிலையங்களுக்கு வாரியம் தர வேண்டிய நிலையான கட்டணமோ குறையாது. மிச்சமிருப்பவர் தலையில்தான் அது விடியும்.

இதற்காகவே வெளியில் வாங்கும் ஆலையிடம், கம்பிக் கூலியோடு ‘கிராஸ் சப்சிடி’ ஈட்டுக் கட்டணமும் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. சொந்த உபயோகத்துக்கு மின்நிலையம் வைத்திருப்பவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. “இவ்வளவும் கட்டினால் சந்தையில் வாங்கி என்ன லாபம்?” என்பது ஆலைகளின் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மின்கட்டணம் தாங்காமல் ஆலை மூடினால், முதலில் வேலை இழப்பவர் தொழிலாளிதான்.

ஈட்டுக் கட்டணம் அதிகமானால் ஆலை தவிக்கும். குறைந்தால் அடுக்களை விளக்கு தவிக்கும். இந்தத் தராசைப் பிடித்திருப்பது வெள்ளையம்பலத்தில் உள்ள கேரள மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணத்தை மாற்றுமுன் பொதுமக்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். பெரிய ஆலைகள் வக்கீலும் கணக்குமாக அங்கே போகின்றன.

மாவு மில்காரருக்கும், ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் அதே உரிமை உண்டு. ஆரியசாலையிலிருந்து வெள்ளையம்பலம் சில கிலோமீட்டர்தான். நேரில் போக முடியாதவர் ஒரு தாளில் எழுதி அனுப்பலாம். சந்தைக்குள் நுழைய 268 மில் வேண்டும். ஆணையத்தின் முன் பேச ஒருவர் போதும்!